பூவரசங்கட்டையில் ஒரு இலை

“விழுடா! செருப்புச் சத்தம் கேட்குது, ஆள் வர்றான், விழு!” என்று விறகு பிளக்கிற அடிக்கட்டை கோடாலியிடம் கெஞ்சியது.

அதன் தலையில், ஓரமாகக் கொத்தி நின்றது அந்தக் கோடாலி. நேர் கீழே, கட்டையின் பக்கவாட்டில் ஒரு இலை. ஆடாமல் நிற்கட்டும் என்று பாதி புதைத்து வைத்த பூவரசங்கட்டை, மழையில் துளிர்த்துவிட்டது.

“இலையைப் பார்த்தா, பச்சைக்கட்டை அடி தாங்காதுன்னு பிடுங்கி, காயவச்சு அடுப்புல வச்சிடுவான். நழுவி விழுந்து அதை நறுக்கிடு.”

கோடாலி இலையையே பார்த்தது. இந்தத் தலையில் அது கொத்தாத இடமே கிடையாது.

“இத்தனை அடி வாங்கிட்டு இதை எங்கடா வச்சிருந்தே?”

“எனக்கென்ன தெரியும்? விழுடா!”

வந்தவன் கோடாலிக் காம்பைப் பிடித்து இழுத்தான். விழச் சொல்லியும் விழாத கோடாலி, இழுத்தும் வரவில்லை.