நாலில் ஒரு பங்கு

"இந்தச் சாவிக்கு ஒரு கோட்டைக் கதவுதான் சரிப்படும், டீச்சரம்மா."

சாவிக்காரர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கட்டம் போட்ட தாளில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சாவி, பல் பல்லாகப் பென்சிலில் வரைந்திருந்தது. பக்கத்தில் சின்னத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம்.

"சாவி சின்னதுதான் அண்ணே, படம்தான் பெருசு" என்றார் டீச்சர். "சாவிய நேர்ல எடுத்துட்டு வர வழியில்ல. போன்ல பிடிச்ச போட்டோவப் பெருசாக்கி, அளந்து வரைஞ்சது. மூணு கடை ஏறி இறங்கிட்டேன். காகிதத்தப் பார்த்து வெட்ட மாட்டாங்களாம். உங்களால மட்டும்தான் முடியும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"உங்க கை வேலை தெரிஞ்சவங்க."

சாவிக்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. ஆனாலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

"எந்தப் பூட்டுக்கு?"

"இரும்பு பீரோ."

"யாரோட பீரோ? நாளைக்குப் போலீஸ்காரர் வந்து என் கடை வாசல்ல நிக்கக் கூடாது பாருங்க."

டீச்சர் கழுத்தில் தொங்கிய பள்ளிக்கூட அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இத நல்லாப் பார்த்துக்கங்க. உள்ள இருக்கறது இந்தப் படம் வரைஞ்ச பொண்ணோட சொந்தப் பொருள். அதத் தவிர வேற ஒண்ணையும் தொட மாட்டா. எதுவானாலும் நான் பொறுப்பு. இன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள அது அவ கைக்கு வரணும்."

"புகுந்த வீட்டுத் தகராறா?"

"பிறந்த வீட்டுத் தகராறு."

அண்ணன் தம்பிகள் நகையை அமுக்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று சாவிக்காரர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். ஒரு பெண்ணின் பொருளை இப்படிப் பூட்டி வைப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. மேசையைத் துடைத்துக் காகிதத்தை விரித்தார்.

"சரி, எத்தனை மடங்கு பெருசு இது?"

"அதத்தான் வட்டம் சொல்லும். போட்டோ எடுக்கும்போது சாவிக்குப் பக்கத்துல ஒரு ரெண்டு ரூபா நாணயம் வெச்சிருக்கா. சாவி எத்தனை மடங்கு பெருசாச்சோ, நாணயமும் அத்தனை மடங்குதான் பெருசாகியிருக்கும்."

மேசை இழுப்பறையில் அதே நாணயம் ஒன்று கிடைத்தது. அதன் குறுக்களவு இருபத்தைந்து மில்லிமீட்டர். காகிதத்து வட்டம் சரியாக நூறு.

"நாலு மடங்கு" என்றார் சாவிக்காரர். "அப்ப நீளம், உசரம், பல்லுச் சரிவு எல்லாத்தையும் நாலில் ஒரு பங்காக்கிடலாம்."

"சரிவத் தொடாதீங்க அண்ணே. நீளமெல்லாம் ஒரே கணக்கா குறையும், கோணம் அப்படியே நிக்கும். அப்பதான் இது அதே சாவி. கோணத்த மாத்திட்டா வேற வீட்டுச் சாவி."

சாவிக்காரர் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"அதுவும் சரிதான். எங்க கல்யாண போட்டோவச் செவுத்தளவு பெருசாக்கினாலும் என் மூக்குக் கோணல் கூடவா போகுது, குறையவா போகுது? இதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க டீச்சர்தானான்னு பார்க்கச் சும்மா கேட்டேன்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கடையிலிருந்த மெஷின் ஒரு சாவியைப் பார்த்துத்தான் இன்னொரு சாவியை வெட்டும்; காகிதம் அதற்குப் புரியாது. பல் வெட்டாத சாவி ஒன்றை வைஸ் இடுக்கியில் இறுக்கிவிட்டு, சாவிக்காரர் அரத்தை எடுத்தார். டீச்சர் தாளைப் பார்த்து அளவு சொல்லச் சொல்ல, அவர் வகுத்துச் சொல்லிக்கொண்டே ராவினார்.

"பதினாறு."

"நாலு."

"பத்து."

"ரெண்டரை."

"அடுத்ததும் பத்து."

"அதுவும் ரெண்டரை. யாரு வரைஞ்சதுன்னு சொன்னீங்க? கோடு ஒண்ணுகூட வழுக்கல."

"என்கிட்ட பன்னெண்டாவது முடிச்ச பொண்ணு."

"கெட்டிக்காரி. இப்படிப்பட்ட கைய வீட்ல உக்கார வெச்சிடாதீங்க. எஞ்சினியரிங் ஏதாவது படிக்க வைங்க."

"அதுக்குத்தான் அண்ணே இந்த அலைச்சல் அலையறேன்" என்றார் டீச்சர்.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பல் ஒவ்வொன்றின் சரிவையும் படத்தின்மேல் வைத்து ஒத்துப் பார்த்தார். எல்லாம் அச்சாகப் பொருந்தின. தூளை ஊதிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். டீச்சர் அவர் கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு, காகிதத்தைக்கூட எடுக்காமல் ஓட்டமும் நடையுமாகத் தெருவில் இறங்கினார்.

சாவிக்காரர் அன்று எதிர்க்கடைக்காரரிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் படத்தைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "மூணு கடைல கைய விரிச்ச வேலை. வெறும் காகிதத்தப் பார்த்து வெட்டினேன்."

பன்னிரண்டரை மணிக்குப் போன் அடித்தது. பின்னால் பஸ் இரைந்தது.

"அப்பா, நான்தான். கோபப்படாமக் கேளுங்க. நீங்க பீரோல பூட்டி வெச்ச என் சர்டிஃபிகேட்டையெல்லாம் எடுத்துட்டேன். காலேஜ்ல சேர இன்னிக்கு மூணு மணிதான் கடைசி. டீச்சர்கூடப் போயிட்டிருக்கேன்."

சாவிக்காரர் இடுப்பைத் தடவினார். குளிக்கும்போது மட்டும் கழற்றி வைக்கும் பீரோ சாவி அரைஞாணில் பத்திரமாகத்தான் இருந்தது. அதைக் காகிதத்துப் படத்தின்மேல் வைத்தார். அதே பற்கள், அதே சரிவு. நாலில் ஒரு பங்கு.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

சாவிக்காரர் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நான் வெட்டின சாவி எங்கயாவது பிடிச்சுதாம்மா, சுலபமாத் திரும்பிச்சா?" என்று கேட்டார்.