பத்துக்குப் பத்து

"எவனோ எம் பொண்டாட்டி கார்டைத் திருடிட்டான்ம்மா. அவ ஆஸ்பத்திரியில பேச முடியாமக் கிடக்கா." போனில் அந்த மனிதர் தேம்பினார்.

வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் இருந்தவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் விவரம் சொல்லலாம் என்பது விதி. பேசி முடித்ததும் வாடிக்கையாளர் போடும் மதிப்பெண் இந்த மாதமும் குறைந்தால் வேலை போய்விடும் என்பதும் விதிதான்.

"பாதுகாப்புக் கேள்வி மூணு கேட்பேன் சார். மேடம் முதல்ல படிச்ச ஸ்கூல்?"

சொன்னார். மனைவியின் அம்மா பிறந்த ஊர், மனைவிக்குப் பிடித்த நிறம், எல்லாவற்றையும் யோசிக்காமல் சொன்னார். நம் வீட்டு மகாராசனுக்கு நம் பிறந்தநாளே ஞாபகம் இருக்காது என்று நினைத்தபோது அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"கார்டை இப்பவே பிளாக் பண்ணிடுறேன் சார்."

"ஐயோ, வேண்டாம்மா! பண்ணினா திருடன் உஷாராயிடுவான். எங்க தேய்ச்சிருக்கான்னு மட்டும் சொல்லு, கையும் களவுமாப் பிடிச்சுடலாம்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. திரையைப் பார்த்துப் படித்தாள்.

"முந்தாநாள் ஒரு மெடிக்கல் ஷாப். நேத்தும் இன்னிக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற லாட்ஜ் சார்." லாட்ஜின் பெயரையும் சொன்னாள்.

"அட, பக்கத்துலதான்! நீ நல்லா இருக்கணும்மா." அவருடைய அழுகை நின்றிருந்தது. அடுத்த நிமிடமே அவள் பேருக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் வந்து விழுந்தது. மேலதிகாரி தன் இருக்கையிலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்து அதே கணக்கு மறுபடியும் திரையில் வந்தது. இந்த முறை ஒரு பெண், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் அடங்கிய குரலில் பேசினாள்.

"மேடம், ஆஸ்பத்திரியிலேர்ந்தா பேசுறீங்க? உடம்பு தேவலையா?"

"ஆஸ்பத்திரியா? இல்லைம்மா, லாட்ஜ்லேர்ந்து பேசுறேன். என் பாதுகாப்புக் கேள்வி எல்லாத்தையும் மாத்தணும். அதுக்கெல்லாம் பதில் தெரிஞ்ச ஆள்கிட்டேர்ந்து தப்பிச்சுத்தான் இங்க வந்து ஒளிஞ்சிருக்கேன்."

"மேடம், நீங்க உடனே அங்கேர்ந்து..."

"ஒரு நிமிஷம் இரும்மா, கதவைத் தட்டுறாங்க. டீ வந்துடுச்சு போல."