இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி

"இன்னைக்கு நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். ஆரஞ்சு கேக்," என்றான் தம்பி, படுக்கையில் சாய்ந்தபடியே.

அவன் மனைவி மறுபேச்சு பேசாமல் சமையலறைக்குப் போனாள்.

பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவுக்குத் தையல் தொழில். தம்பிக்குப் புற்றுநோய், ஊசி மருந்து ஏற்றுகிறார்கள் என்று தெரிந்ததும், தைக்க வந்த துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தவள். வந்து ஆறு நாள் ஆகிறது. ஆறு நாளும் இதே கூத்து.

தம்பி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அவன் திருத்திக் கொடுத்த கேக் செய்முறைப் புத்தகம் ஒன்று தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். காலையில் ஒரு பக்கத்தைச் சொல்வான். அவள் சுடுவாள். ஒரு துண்டு தின்றுவிட்டு ஏதாவது குறை சொல்வான். மீதி அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும்.

அக்கா சமையலறைக்குள் நுழைந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு அலையறே, மாத்திரை, துணி, பாத்திரம்னு ஒத்தை ஆளா நிக்கறே. இதுல கேக் ஒண்ணுதான் குறைச்சலா?"

"அவர் ஆசைப்படறார் அண்ணி," என்றாள் அவள், மாவைச் சலித்துக்கொண்டே.

"ஆசைப்பட்டவன் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடணும். நேத்து பஞ்சு மாதிரி வந்திருந்துது. வறவறன்னு இருக்குங்கறான். நானும்தானே சாப்பிட்டேன், எனக்கு நாக்கு இல்லையா?"

"நீங்க கொஞ்சம் உட்காருங்க அண்ணி. நான் முட்டை அடிக்கணும்."

அவள் முகத்தில் கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. மாவுக் கோப்பையின் தலையைக் கத்தியால் தட்டையாக வழித்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அக்காவுக்குத் தம்பியைத்தான் புரியவில்லை என்றால், இவளையும் புரியவில்லை.

பதினொரு மணிக்குக் கேக் வந்தது. இன்றைக்குச் சின்னதாகத்தான் சுட்டிருந்தாள். தம்பி ஒரு துண்டை மெதுவாக மென்று முடித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி. நாளைக்குக் குறைச்சுக்கோ."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அவள் துணி உலர்த்தக் கொல்லைப்பக்கம் போனாள்.

"அப்படி என்னடா இனிப்பைக் கண்டே?" அக்கா அதே தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள்.

போட்ட வேகத்தில் வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

உப்பு. வாயில் வைக்க முடியாத உப்பு.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து தம்பியை முறைத்தாள். "எதுடா இனிப்பு? சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டி வச்சிருக்கா."

தம்பி சட்டென்று கொல்லைக் கதவைப் பார்த்தான். "மெதுவா பேசுக்கா. நிஜமா உப்பா?"

"உனக்குத் தெரியலையா?"

"எனக்கு ருசியே தெரியறதில்லைக்கா. ரெண்டாவது ஊசியோட போச்சு. கேக்கும் ஒண்ணுதான், தெர்மாக்கோலும் ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்குடா அவளைப் போட்டு வதைக்கறே?"

அவன் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆரம்பத்துல குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவா. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேட்காதுன்னு நெனப்பு. என்ன பண்றதுன்னே தெரியலை. ஒரு நாள் இந்தப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு கேக் செஞ்சு தாயேன்னேன். அன்னைக்கு அழலைக்கா. அளக்கணும், சலிக்கணும், அடிக்கணும், வேகுதான்னு பார்த்துக்கிட்டே நிக்கணும். அழ நேரமில்லை. நல்லா இருக்குன்னு சொன்னா அத்தோட விட்டுடுவா. அதனாலதான் தினம் ஒரு குறை."

அக்கா அவன் காலடியில் நழுவிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள். ஆறு நாளாக மனசுக்குள் அவனைத் திட்டித் தீர்த்தவள்.

"அவகிட்ட சொல்லிடாதே," என்று அவன் அவள் கையைப் பிடித்தான். "எனக்கு ருசி இல்லைன்னு தெரிஞ்சா சுடறதை நிறுத்திடுவா. சர்க்கரைன்னு நெனச்சு உப்பு போட்டது தெரிஞ்சா அதுக்கு வேற அழுவா."

அக்கா தட்டோடு சமையலறைக்கு விரைந்தாள். தம்பி மனைவி வருவதற்குள் மிச்சத்தைக் குப்பைக்கூடையில் தள்ளிவிட வேண்டும். பாதி தள்ளும்போதே காலி வாளியோடு அவள் உள்ளே வந்துவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்லம்மா. கை தவறிக் கீழே விழுந்துடுச்சு."

அவள் கூடையைப் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு, கூடத்துப் பக்கக் கதவை ஓசையில்லாமல் சாத்தினாள்.

"சாப்பிட்டுப் பார்த்துட்டீங்களா? மன்னிச்சுக்கோங்க அண்ணி. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அக்கா தட்டை மேடையில் வைத்தாள். "உப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"நான்தானே போட்டேன். வாரத்துல ஒரு நாள் சின்னதா ஒண்ணு, இப்படிப் போடுவேன்."

"அப்போ, அவனுக்கு ருசி தெரியாதுங்கறது?"

"அதுவும் தெரியும். ருசி போயிடும், திரும்பி வரும், எப்போன்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டார். இவர் மூச்சு விடலை. நான் வருத்தப்படுவேனாம். நான் வாயைத் திறந்து கேட்டா, ருசி வராமலே வந்துடுச்சுன்னு சொல்லிடுவார்."

"அதுக்காக உப்பையா போடுவே?"

அவள் மேடையில் சிந்தியிருந்த மாவைத் துணியால் துடைத்தாள்.

"என்னைக்காவது ஒரு நாள், வாயில வச்சதும் அவரே தூன்னு துப்புவார் பாருங்க அண்ணி. அதைப் பார்க்கத்தான் சுட்டுக்கிட்டே இருக்கேன்."