அழிக்க அனுமதி இல்லை

ஞாயிறு முழுக்கக் கரிசலில் உளுந்தஞ்செடி பிடுங்கியதில் பாண்டிச்செல்விக்கு இடுப்பு நிமிரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம், தீப்பெட்டிக் கம்பெனி அலுவலகத்தில், அந்த இடுப்போடுதான் பிரிண்டருக்கு முன்னால் குனிந்து நின்றாள்.

அவளுடைய ராஜினாமாக் கடிதம் அதில் மாட்டியிருந்தது.

காலையில் லேபிள் கணக்குத் தப்பியதற்காக முதலாளி, மேனேஜர் சண்முகராஜை எல்லோர் முன்னாலும் ஏசினார். அவர் போனதும் சண்முகராஜ் கதவைச் சாத்திக்கொண்டு இவளை ஏசினார். “நீ உளுந்து பிடுங்கத்தாம்மா லாயக்கு.”

பிடுங்கிவிட்டு வந்தவளிடம் சொன்ன வார்த்தை. சுருக்கென்று ஏறிவிட்டது. நாலு வரி தட்டினாள். பிரிண்ட் கொடுத்தாள்.

பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது.

தாளுக்குக் காத்திருந்த நேரத்தில் கோபம் ஆறிவிட்டது. நேற்றுப் பிடுங்கிய உளுந்து வண்டிக்கூலிக்கே காணாது. வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில்தான்.

ஸ்டோர் உக்கிரபாண்டி சாப்பிட்டுவிட்டு வந்து தாள் வைத்தால் அந்தக் கடிதம் விழுந்துவிடும். பிரிண்டர் நிற்பதோ மேனேஜர் அறை வாசலில். எந்தத் தாள் விழுந்தாலும் எடுத்துப் படிக்காமல் அவர் தாண்டியதில்லை.

கம்ப்யூட்டரில் அழிக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது.

பிரிண்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். கடிதம் சர்வருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

முன்பெல்லாம் அங்கே யாரும் யாருடையதையும் அழிக்கலாம். டவுன் பஸ்ஸில் இடம் பிடிக்கப் போட்ட துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருகிற மாதிரி, முன்னால் நிற்பதை அழித்துவிட்டுத் தன்னுடையதை எடுப்பார்கள். சண்டை முற்றிப்போய், கம்ப்யூட்டர் பார்க்கும் இசக்கிமுருகன் எல்லோரிடமிருந்தும் அந்த உரிமையைப் பறித்துவிட்டான். அவரவர் சொந்தத் தாளுக்கும் சேர்த்து.

அப்போது அதிகம் அழித்தவள் பாண்டிச்செல்விதான்.

அவனுக்கே போன் போட்டாள்.

“ஏலே இசக்கி, பிரிண்டர்ல என் கடுதாசி ஒண்ணு கெடக்கு. படிக்காம அழி.”

“இங்கன இருந்து படிக்க முடியாதுக்கா. தலைப்பு மட்டுந்தான் தெரியுது.” அவன் சிரிப்பை மென்றான். “ராஜினாமான்னு ரெண்டு கெடக்கே. எதை?”

“கோவத்துல ரெண்டு தடவை அமுக்கிருப்பேன். ரெண்டையும் அழிலே.”

“ரெண்டையுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“உக்கிரபாண்டி அண்ணாச்சி வாராவ. அழிச்சித் தொலை.”

உக்கிரபாண்டி தாள் வைத்தார். பிரிண்டர் முனகிவிட்டு ஒரு லாரி ரசீதைத் துப்பியது. அப்புறம் சும்மா இருந்தது.

பாண்டிச்செல்வி நாற்காலியில் சாய்ந்தாள்.

சத்தம் கேட்டு சண்முகராஜ் அறையிலிருந்து வந்தார். கையில் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். ரசீதைப் புரட்டிப் பார்த்தார். தாள் தட்டை இழுத்துப் பார்த்தார். பிரிண்டரின் பின்பக்கம்கூட எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, நான் ஒண்ணு அனுப்பியிருந்தேன். விழுந்துச்சா?”

“இல்லையே சார்.”

அவள் போனில் இசக்கிமுருகனின் செய்தி வந்து நின்றது. ‘இன்னொண்ணு மேனேஜர் பேர்ல கெடந்துச்சுக்கா. நீங்கதான சொன்னீய, அதையும் அழிச்சாச்சு.’

சண்முகராஜ் தாள் தட்டைத் திரும்ப உள்ளே தள்ளினார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“சரி, விடு. அப்படி ஒண்ணும் அவசரம் இல்ல.”

பாண்டிச்செல்வி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மேனேஜரின் ராஜினாமாக் கடிதம் ஒன்று அவள் பேரில் இன்னும் கடனாக நிற்கிறது.