தொண்ணூற்றொரு ஓட்டு

அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கஸ்தூரிரங்கன் தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

வரும்போது பார்த்த பிக்கப் டிரக் இன்னும் முனையில்தான் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு தொப்பிகள் தெரிந்தன.

சும்மா காபி குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

1987, அக்டோபரின் கடைசி ஞாயிறு. அன்று காலைதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்திருந்தார்கள். நாலரைக்கே வெயில் வடிந்துவிட்டது.

கையில் வாக்காளர் பட்டியல். நியூ ஜெர்ஸி சட்டசபைத் தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். போன தடவை இந்தத் தொகுதியில் அவருடைய வேட்பாளர் ஹாலரன் தொண்ணூற்றொரு ஓட்டில் தோற்றுப்போனார். சிட்டிசன்ஷிப் வாங்கிப் பட்டியலில் ஏறியிருக்கும் இந்தியர்கள் மட்டுமே இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் பாதிப்பேர் ஓட்டுப் போட வந்தால்கூடப் போதும். அதற்காகத்தான் பார்சிப்பனியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை பார்க்கும் கஸ்தூரிரங்கன் வாரக்கடைசிகளில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. சங்கிலியை எடுக்கவில்லை. இரண்டு விரற்கடை இடைவெளியில் பர்வதம் மாமியின் முகம்.

நெற்றியில் பொட்டு இல்லை.

கஸ்தூரிரங்கன் ஒரு படி பின்வாங்கினார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாமியின் கணவர் வாஞ்சிநாதனை, ரயிலடியில் காரை எடுக்கப் போன இடத்தில், நாலு பேர் பேஸ்பால் மட்டையால் அடித்துப் போட்டிருந்தார்கள். பர்ஸைத் தொடவில்லை. ‘உன் ஊருக்கே ஓடு’ என்று கத்தினார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதுவரை தெரியும். அதற்குப் பிறகு ஏதாவது...

உள்ளே யாரோ இருமினார். ஆண் குரல்.

அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

“பயந்துட்டேளா?” என்றார் மாமி. “மாமா உள்ளதான் படுத்துண்டிருக்கார். பெல் அடிச்சா நானே பொட்டை அழிச்சுட்டுத்தான் கதவைத் திறக்கறேன். பொட்டைப் பார்த்தாலே அடிக்கறா. யார் வரான்னு யாருக்குத் தெரியும்?”

“மாமாவோட கண்ணு எப்படி இருக்கு?”

“வலது கண்ணு திரும்பாதுன்னுட்டார் டாக்டர்.”

பின்னால் பிக்கப் நகரும் சத்தம் கேட்டது. மெதுவாக வந்து, வீட்டைத் தாண்டி, மெதுவாகவே போயிற்று. கஸ்தூரிரங்கன் திரும்பிப் பார்க்கவில்லை. மாமியின் கண்கள் அதைத் தெருக்கோடிவரை தொடர்ந்து போய்த் திரும்பின.

கதவிடுக்கு வழியாக அவர் துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். மாமி அங்கேயே நின்று முழுவதும் படித்தார். வீட்டு வரி. பள்ளிக்கூடம். கார் இன்ஷூரன்ஸ். பின்பக்கம் திருப்பினார். ஹாலரன் மனைவியோடும் நாயோடும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவருக்குத்தான் போடணும்னா போடறோம். ஆனா நம்மளை அடிக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரே?”

“எலெக்‌ஷன் முடியட்டும் மாமி. கண்டிப்பா பேசுவார்.”

“நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்றா. யாரோதான் பேச விடாம பண்றா போலிருக்கு.”

கஸ்தூரிரங்கன் பட்டியலைப் பார்த்தார். வரிகள் கண்ணில் நிற்கவில்லை.

“தெரியலை மாமி” என்றார்.

மாமி சற்று யோசித்தார். “எங்காத்துல மூணு ஓட்டு. மாமாவை நானே டிரைவ் பண்ணி அழைச்சுண்டு வரேன். போங்கோ.”

மூன்று பெயர்களுக்கும் எதிரே அவர் டிக் போட்டார்.

“தனியாவா வந்தேள்? கார் எங்கே?”

எதிர்ச்சாரியில் ஏழெட்டு வீடு தள்ளிக் கைகாட்டினார். மாமி சங்கிலியைக் கழற்றினார். புடவைக்கு மேல் கணவரின் கோட்டை மாட்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்து நின்றார். அடிபட்ட நாளிலிருந்து, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததைத் தவிர, அவர் வாசலைத் தாண்டியதில்லை என்று தமிழ்ச் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

“வேண்டாம் மாமி, உள்ள போங்கோ.”

“நீங்க கார்ல ஏறிக் கிளம்பற வரைக்கும் நிக்கறேன். ஒருத்தர் பார்த்துண்டிருக்கார்னு தெரிஞ்சா கிட்ட வர மாட்டா.”

அவர் நடந்தார். காய்ந்த இலைகள் காலடியில் நொறுங்குவது வேறு யாரோ பின்னால் வருவது போலக் கேட்டது. காருக்குள் ஏறி நாலு கதவுகளையும் பூட்டிக்கொண்டார்.

வாஞ்சிநாதன் அடிபட்ட மறுநாளே ஹாலரன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட இருந்தார். பேச வேண்டியதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அதற்கு முன்னால் தேர்தல் ஆபீஸில் இருந்த ஒரே இந்தியரை அழைத்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்.

கஸ்தூரிரங்கன் ஒரு நாள் அவகாசம் வாங்கினார். தொகுதியைத் தெருத் தெருவாகப் பிரித்து ஒரே பக்கத்தில் டைப் அடித்துக் கொடுத்தார். பேசினால் கூடுதலாக வருவது நூற்றிருபது ஓட்டு. வெள்ளைக்காரத் தெருக்களில் போவது முன்னூறு.

ஹாலரன் அதை இரண்டு தடவை படித்தார். எழுதி வைத்திருந்ததை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். தோளில் தட்டி நன்றி சொன்னார்.

கணக்கில் பிசகில்லை. அவர் மூன்று முறை சரிபார்த்திருந்தார்.

கண்ணாடியில் பார்த்தார். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்பிள்ளைக் கோட்டுக்குள் மாமி இன்னும் சின்னதாகத் தெரிந்தார். கார் நகராமல் உள்ளே போக மாட்டார்.

சாவியைத் திருகக் கை வரவில்லை.