தெருவே கூட வரும்

"எழுதினது யாருன்னு சொல்லு, போயிடறேன். இல்லேன்னா கடைக்குப் பூட்டு!"

கல்லூரித் தெரு ஜெராக்ஸ் கடையின் மேசைமேல் டைப் அடித்த துண்டுத்தாளை அறைந்தார் இன்ஸ்பெக்டர். ஜெராக்ஸ் அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்றைக்குத்தான் பார்ப்பவள் போலப் படித்தாள்.

'வழியில் நிறுத்தினால் காரணம் கேள். செல்போனைப் பிடுங்கினால் ரசீது கேள். ஒருவரைப் பிடித்துப் போனால், தெருவே கூடப் போ.' கீழே பொடி எழுத்தில் சட்டப் பிரிவுகளும், புகார் சொல்ல ஒரு பெரிய அதிகாரியின் போன் நம்பரும்.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"நக்கலா? நேத்து ஒரே ஒரு பையனை விசாரிக்கக் கூட்டிட்டுப் போனேன். பின்னாடியே நாப்பது பேர் வந்து நிக்கறாங்க!"

"போன வாரம் நீங்க விசாரிச்ச பையனுக்கு இன்னும் ஒரு காது கேக்கலை சார். அவனுக்கும் சேர்த்துத்தான் நாங்க கேக்க வந்தோம்."

வாசலில் நின்ற மெஸ் மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. "சட்டப் பிரிவு முதக்கொண்டு புட்டுப்புட்டு வச்சிருக்கான். இது படிக்கிற பசங்க வேலையில்லை. எந்த வக்கீல்?"

"யாரா இருந்தா என்ன? விஷயம் தெரிஞ்ச மனுஷன்."

"ஏட்டு! கடையைக் குடைஞ்சு பாருய்யா. கையால எழுதின தாள் இங்கதான் இருக்கும். எழுத்தைப் பாத்தேன்னா ஆளை அமுக்கிடுவேன்."

கூட வந்த ஏட்டு அலமாரியைக் கலைத்தார், கட்டுக்கட்டாகப் புரட்டினார். மெஷின் மூடியைத் தூக்கினார். அக்கா சட்டென்று மெஷின் பக்கம் நகர்ந்தாள். ஏட்டு மூடியைப் பட்டென்று போட்டார்.

"எல்லாம் பசங்க புராஜெக்ட்டுங்க ஐயா."

"உன்னை வச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கிழிக்கிறது!" என்று எரிந்து விழுந்துவிட்டு, இன்ஸ்பெக்டர் அக்காவிடம் திரும்பினார். "கடைசியாக் கேக்கறேன். பேரு?"

பேர் அவள் நுனிநாக்கில்தான் இருந்தது. சொன்னால் கடை தப்பும். அந்த மனுஷன் வீட்டில் உலை ஏறாது.

மேசைக்கடியிலிருந்து பூட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "நீங்களே பூட்டிடுங்க சார்."

"பூட்டட்டும்க்கா!" என்றார் மெஸ் மாஸ்டர் வெளியிலிருந்து. "என் மெஸ்ஸுல உக்காந்து கையால எழுதுவோம். எழுதறதுக்கு நாப்பது கை இருக்கு."

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொன்றாகச் செல்போன்கள் உயர்ந்தன. இன்ஸ்பெக்டர் பூட்டைப் பார்த்தார், போன்களைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏட்டு, நீ இங்கயே நில்லு. எவன் வர்றான், எவன் போறான்னு பாத்து எனக்குச் சொல்லு."

ஜீப் கிளம்ப, கூட்டம் கலைந்தது. ஜீப் முனை திரும்பும்வரை ஏட்டு விறைத்து நின்றார். பிறகு கடைக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, நான் எழுதிக் கொடுத்ததுல ஒரு திருத்தம். புகார் வாங்குற பெரிய அதிகாரி காலையிலதான் மாறினாரு. இந்தாங்க புது நம்பர், இதைப் போட்டு இன்னொரு ஐந்நூறு அடிச்சிடுங்க."