மிஞ்சிய ஒரு வரி

புகார்ப் பிரிவின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், குமாஸ்தாவின் சிவப்புப் பென்சில் மனுவின் மேல் வரிவரியாக ஊர்கிறது. குழந்தைநல அலுவலர் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் 'வசதி போதாது' என்று அறிக்கை எழுதிவிட்டார் என்ற பத்தியை மொத்தமாக அடிக்கிறது. "அறிக்கை கோர்ட்டுல இருக்கும்மா. குழந்தை யார்கிட்ட இருக்கணும்ங்கறதுல நாங்க மூக்கை நுழைக்க முடியாது." இந்தப் பக்கம் நிற்கும் தாய் விரல்களைப் பிசைகிறாள். "அப்ப எதைத்தான் சார் விசாரிப்பீங்க?" "உங்ககிட்ட மரியாதையா நடந்துக்கிட்டாங்களான்னு." மதிய வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூசுகிறது. நான்கு பக்கங்களில் 'அலுவலகத்தில் என்னை உட்காரச் சொல்லவில்லை' என்ற ஒரே வரி மிஞ்சுகிறது. அதன் மேல் முத்திரை தொப்பென்று விழுகிறது. "இது இனி எங்க போகும் சார்?" "அந்த அலுவலர்கிட்டதான். விளக்கம் கேக்கணுமில்ல?" "வெள்ளிக்கிழமை தீர்ப்பு சார். திருப்பிக் குடுத்துடுங்க." "முத்திரை விழுந்தாச்சேம்மா."

பின்கதவு திறக்கிறது. தோள்பையோடு உள்ளே வரும் அதே குழந்தைநல அலுவலர் தாளை எடுத்து, காயாத மையின் மேல் மெல்ல ஊதுகிறார். நிதானமாகப் படிக்கிறார். பிறகு கண்ணாடியின் ஓட்டைக்கு அருகே குனிகிறார். குரலில் அத்தனை பரிவு. "பாப்பாவை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"